நெஞ்சு அறுவைக்குப் பின் வீட்டில்: தோலுக்கு ஒரு கணக்கு, எலும்புக்கு ஒரு கணக்கு

பைபாஸ், வால்வு மாற்றம் என்று எதற்காக நெஞ்சைத் திறந்திருந்தாலும், இரண்டு மூன்று வாரத்தில் மேல்தோல் ஒட்டிக்கொள்ளும். வலி குறையும், நடை தேறும், முகத்தில் தெளிவு வரும். மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம் அதுதான். வெளிக்காயம் மூடிவிட்டதால் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்து வாளியைத் தூக்குகிறார்கள், கனமான கதவை இழுக்கிறார்கள், ஒரு கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து எழுகிறார்கள். தோலுக்கு அடியில் நெஞ்செலும்பு நெடுக்காகப் பிளக்கப்பட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கம்பிகள் இருக்கும். எலும்பு ஓரளவு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். நன்றாக இறுக ஏறக்குறைய 3 மாதம். அதுவரை இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது முக்கியமாக அந்தக் கம்பிகள்தான். தோல் ஆறியதை வைத்து எலும்பைக் கணிக்கக் கூடாது என்பதை நோயாளியும் வீட்டில் இருப்பவர்களும் மனதில் நிறுத்திக்கொண்டால், பாதித் தொல்லை வராது.

வீட்டுக்கு வந்த அன்றே எத்தனை காயம் இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். நடுநெஞ்சில் ஒரு நீளத் தையல் இருக்கும். அதன் கீழ் முனையை ஒட்டி, ரத்தமும் நீரும் வடியக் குழாய் வைத்திருந்த இரண்டு மூன்று சிறு துளைகள். பைபாஸ் என்றால் ரத்தக்குழாய் எடுத்த காலிலோ முன்கையிலோ இன்னொரு காயம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ஊசிக்குழாய் போட்ட இடங்கள். எல்லோரும் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீர் கசிவதும் சிவப்பதும் பல நேரம் காலில்தான் முதலில் தெரியும். ஒவ்வொரு காயத்துக்கும் பக்கத்தில் எது தானாகக் கரையும் தையல், எது பிரிக்க வேண்டிய தையல் அல்லது ஸ்டேப்ளர் பின், எந்தத் தேதியில் பிரிப்பார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் இது தெளிவாக இல்லையென்றால் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. வடிகுழாய் துளையில் போட்ட ஒரே ஒரு தையலைப் பிரிக்க மறந்து, வாரக்கணக்கில் அது உள்ளேயே கிடந்து சிவந்து போவது உண்டு.

காயத்தைத் தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் இதைவிடப் பயனுள்ள பழக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. இன்று மகள், நாளை மனைவி, மறுநாள் மருமகன் என்று மாறி மாறிப் பார்த்தால் நேற்றைக்கு இன்று கூடியதா குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. பகல் வெளிச்சத்தில், குளித்து முடித்த கையோடு பார்ப்பது நல்லது. செல்போனில் ஒரே தூரத்தில் வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். எங்கேயாவது சிவப்பு தெரிந்தால் அதன் எல்லையைப் பேனாவால் தோலில் லேசாகக் கோடு போட்டுக் குறியுங்கள். சில மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், மேலும் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தொலைபேசியில் ‘கொஞ்சம் சிவந்திருக்கு’ என்று சொல்வதை விட, நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் காட்டினால் அவர் முடிவெடுப்பது எளிது.

இனி கழுவும் முறை. கட்டு அவிழ்த்த பிறகு காயம் வறண்டிருந்தால், நீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லாத வரை, தினமும் சோப்புப் போட்டுக் கழுவலாம், கழுவவும் வேண்டும். நீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்று பயந்து வாரக்கணக்கில் குளிக்காமல் இருப்பவர்களுக்குத்தான் வியர்வையும் அழுக்கும் தையல் மேல் தங்குகிறது. முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கட்டும். சுடுநீரில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். ஏற்கனவே அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் குளியலறையில் மயங்கி விழுவது இப்படித்தான். உள்ளே உறுதியான ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து குளிக்கட்டும், கதவைத் தாழிட வேண்டாம். ஷவர் என்றால் நீர் நேராகக் காயத்தில் விசையோடு விழாதபடி தோளில் விழுந்து வழியட்டும். வாசனை இல்லாத மென்மையான சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, அந்த நுரையைக் காயத்தின் மேல் மேலிருந்து கீழாக வழித்துவிட்டால் போதும். நாரோ துணியோ வைத்துத் தேய்க்கக் கூடாது. நெஞ்சை முதலில், காலைப் பிறகு, இடுப்புப் பக்கத்தைக் கடைசியில் கழுவுங்கள். தொடை மடிப்பில் உள்ள கிருமிகள் மேலே ஏறாமல் இருக்க இந்த வரிசை. பிறகு காயத்துக்கென்றே தனியாக வைத்த, துவைத்த பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். தையல் முழுக்க உலர்ந்த பிறகுதான் சட்டை போட வேண்டும்.

காயத்தின் மேல் எதையும் பூச வேண்டாம். பவுடர், எண்ணெய், லோஷன், மருத்துவர் எழுதாத களிம்பு, வீட்டு மருந்து எதுவுமே வேண்டாம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியைக் கொல்வதோடு புதிதாக வளரும் செல்களையும் கருக்கிவிடும், ஆறுவது தாமதமாகும். பஞ்சை நேரடியாக வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும், அதனால் கட்டுத்துணிதான் நல்லது. வறண்டு மூடிய காயத்துக்குக் கட்டே தேவையில்லை. சட்டை உரசினால் மட்டும் மெல்லிய கட்டுத்துணி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதையும் தினம் மாற்ற வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். தோல் பசை போட்டிருந்தால் அது ஒன்று இரண்டு வாரத்தில் தானே உரிந்து விழும். பட்டைப் பிளாஸ்திரிகளும் அப்படியே. ஓரம் சுருண்டால் கத்தரித்துவிடலாம், பிய்க்கக் கூடாது. தையலின் முனையில் மீன் முள்ளைப் போலச் சிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். அது கரையும் தையலின் முடிச்சு. மருத்துவரிடம் காட்டினால் தோல் மட்டத்தில் வெட்டிவிடுவார். தொட்டியில் மூழ்கிக் குளிப்பது, நீச்சல் எல்லாம் பொருக்கு முழுவதும் உதிர்ந்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு.

எது இயல்பு, எது இல்லை என்று தெரியாததால்தான் வீட்டில் பாதித் தூக்கம் கெடுகிறது. தையல் ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு, லேசான வீக்கம், அரிப்பு, குத்துவது போன்ற வலி எல்லாம் வரும். தையலின் மேல் முனையில், கழுத்துக்குக் கீழே ஒரு சிறு புடைப்பு இருக்கும். அது மாதக்கணக்கில் மெல்ல வடியும். நெஞ்சின் உட்பக்கத் தமனியை எடுத்து பைபாஸ் செய்திருந்தால் அந்தப் பக்கம், பெரும்பாலும் இடது நெஞ்சு, மரத்துப்போயிருக்கும். தொட்டால் எரிச்சலாகவும் இருக்கலாம். முதுகும் தோள்களும் வலிப்பதைப் பார்த்து இதயம்தானோ என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அறுவையின்போது விலா எலும்புகளை விரித்துப் பிடித்ததால் வரும் தசை வலி அது.

இயல்பு அல்லாதவை வேறு மாதிரி இருக்கும். சிவப்பு அகலமாகப் பரவுவது, தொட்டால் பக்கத்துத் தோலை விடச் சூடாக இருப்பது, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், துர்நாற்றம், தையல் ஓரங்கள் விலகி இடைவெளி தெரிவது, 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கூப்பிட வேண்டும். நெஞ்சுத் தையலிலிருந்து திடீரென நிறைய நீர் வடிந்து சட்டை நனைந்தால், அது சிவப்போ சீழோ இல்லாமல் தெளிவாக இருந்தாலும் அலட்சியம் கூடாது. அடியில் எலும்பு அசைகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். அதே போல, திரும்பும்போதோ இருமும்போதோ நெஞ்செலும்பில் ‘டக்’ என்று சத்தம் கேட்டாலோ, இரண்டு துண்டு உரசுவது போல உணர்ந்தாலோ கவனியுங்கள். உள்ளங்கையைத் தையலின் மேல் லேசாக வைத்து மெல்ல இருமச் சொன்னால், கீழே எலும்பு நகர்ந்தால் அது கைக்குத் தெரியும். அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டாம். ஒரு முறை தெரிந்தாலே மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆழமான தொற்று பெரும்பாலும் முதல் ஒரு மாதத்துக்குள் வரும். மேலே தையல் அழகாக இருக்கும்போதே அடியில் வரக்கூடியது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் இந்த அபாயம் கூடுதல். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வெள்ளணுக்கள் கிருமியோடு போராடும் திறன் குறைகிறது. அறுவையின் உளைச்சலிலேயே சர்க்கரை ஏறும் என்பதால், பழைய மாத்திரை அளவு போதாமல் போகலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்து மருத்துவர் சொன்ன நேரங்களில் பார்த்து எழுதுங்கள். தொடர்ந்து 180-ஐத் தாண்டினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் தெரிவியுங்கள். புகை நெஞ்சுக் காயத்துக்கு நேரடி எதிரி. நிகோடின் தோலின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஆறும் இடத்துக்கு ரத்தம் போய்ச் சேராது. புரதம் உணவில் ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். வாயில் உலோகச் சுவை தட்டிப் பசி இல்லாமல் இருப்பது சில வாரம் நீடிக்கலாம். மூன்று பெரிய வேளைகளை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்தால் இறங்கும்.

எழுவதும் உட்காருவதும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். படுக்கையிலிருந்து எழும்போது முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து ஒரே கட்டையாக ஒரு பக்கம் புரள வேண்டும். கால்கள் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே தொங்க விட்டால் அந்த எடையே உடலை மேலே தூக்க உதவும். கைகள் ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்திருக்கட்டும். ஒரு கையை மட்டும் ஊன்றி எழுவதுதான் மோசம்: எலும்பின் ஒரு பாதி மேலும் மற்றது கீழுமாக இழுபடும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு நில்லுங்கள். நாற்காலியிலிருந்து எழ, விளிம்புக்கு நகர்ந்து வந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து, தொடை வலுவால் எழ வேண்டும். தாழ்வான சோபா முதல் இரண்டு மாதம் வேண்டாம். கழிப்பறை இருக்கை தாழ்வாக இருந்தால் மேலே வைக்கும் உயர இருக்கை கிடைக்கும்.

உதவிக்கு நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியின் கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்காதீர்கள். அன்போடு செய்யும் இந்த ஒரு செயல் கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு போகக் காரணமாகலாம். முதுகின் பின்னால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்துத் தாங்குங்கள். இழுக்காமல் தாங்குவது மட்டும் உங்கள் வேலை.

எடையைப் பொறுத்தவரை 6 முதல் 8 வாரம் வரை 5 கிலோவுக்குக் கீழே என்பது பொதுவான வரம்பு. உங்கள் அறுவை மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுதான் சட்டம். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. பாதி நிறைந்த வாளியே வரம்பைத் தாண்டிவிடும், ஓடி வரும் பேரக்குழந்தையும்தான். தூக்க வேண்டியதை இரண்டு கையாலும், முழங்கை விலாவை ஒட்டியிருக்க, உடலோடு அணைத்துத் தூக்கினால் எலும்பில் இழுப்பு குறைவு. தலைக்கு மேல் கை உயர்த்தித் தலைவாருவது போன்ற சிறு வேலைகளை வலி இல்லாத அளவுக்கு, இரண்டு கையையும் சேர்த்து, செய்யலாம். தோளை அசைக்காமலே வைத்திருந்தால் அது இறுகிவிடும் என்பதால் இது தேவையும்கூட. இறுகிய மூடியைத் திறப்பது, ஜன்னலைத் தள்ளுவது, வாகனம் ஓட்டுவது இவற்றைத் தள்ளிப்போடுங்கள். காரில் பயணம் செய்யும்போது இருக்கைப் பட்டையைத் தவிர்க்காதீர்கள். பட்டைக்கும் தையலுக்கும் இடையில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள்.

விலாப் பக்கமாகத் திறந்து நுரையீரல் அறுவை செய்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். அங்கே நெஞ்செலும்பு பிளக்கப்படவில்லை. அந்தப் பக்கத் தோள் உறைந்து போவதுதான் பெரிய கவலை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த தோள் பயிற்சியை வலிக்கிறது என்று நிறுத்தக் கூடாது.

இருமல் வந்தால் அடக்க வேண்டாம். தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும், எலும்பில் இழுப்பும் குறையும். அந்தத் தலையணை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தும்மல் சொல்லிவிட்டு வராது. மருத்துவமனையில் கொடுத்த மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை நிறையப் பேர் ஊதிப் பார்க்கிறார்கள். அது உறிஞ்ச வேண்டிய கருவி: மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயால் குழாயைக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலே சில விநாடி நிறுத்தி விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. மேலோட்டமாகவே மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரும். வலி மாத்திரையைச் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து இந்தப் பயிற்சியையும் நடையையும் வைத்துக்கொண்டால் இரண்டுமே நன்றாக நடக்கும்.

வலியைத் தாங்கிக்கொள்வது வீரம் என்று நினைப்பவர்கள் மூச்சை இழுக்கப் பயந்து, நடக்கப் பயந்து, கடைசியில் சளியோடு திரும்பி வருகிறார்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரத்துக்கு எடுங்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. சளி மாத்திரைகளிலும் கூட்டு வலி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகளை பைபாஸுக்குப் பிறகு நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயத்தைக் கூட்டும். ரத்தம் கட்டாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். வீரியமான வலி மாத்திரைகள் மலச்சிக்கல் உண்டாக்கும். முக்கினால் நெஞ்சில் அழுத்தம் ஏறும்; ஆகவே மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலில் ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் மாலையில் வீங்கும். கணுக்காலைச் சுற்றி மரத்திருக்கும். உட்காரும்போதெல்லாம் காலை நீட்டி உயர்த்துங்கள். படுத்து, பாதம் இதயத்துக்கு மேலே இருக்கும்படி அரை மணி நேரம், நாளுக்கு மூன்று நான்கு முறை. கால் மேல் கால் போடக் கூடாது. அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறும் முன்பே மாட்டி இரவில் கழற்றுங்கள். மடிப்பு விழுந்து தையல் மேல் உட்கார்ந்தால் அந்தக் கோட்டில் தோல் புண்ணாகும். முதல் சில நாட்கள் தெளிந்த அல்லது இளஞ்சிவப்பு நீர் சொட்டாகக் கசிவது உண்டு. கெண்டைக்கால் திடீரென வலித்து, ஒரு கால் மட்டும் தடித்துச் சூடானால் ரத்தக்கட்டி இருக்கலாம். உடனே காட்டுங்கள், பிடித்துவிடாதீர்கள்.

பெண்களுக்கு மார்பகத்தின் எடை தையலைக் கீழும் பக்கவாட்டிலும் இழுக்கும். முன்பக்கம் கொக்கி உள்ள, கம்பி இல்லாத, மென்மையான பருத்தி உள்ளாடை இரவும் பகலும் அணிந்தால் வலி குறையும், தையலில் இழுப்பும் குறையும். தையலின் கீழ் முனையில் பட்டை அழுத்தினால் ஒரு கட்டுத்துணியை மடித்து வைக்கலாம். மார்பின் அடி மடிப்பில் வியர்வை தங்காமல் அடிக்கடி ஒற்றுவது அவசியம். இதைப் பற்றி மருத்துவமனையில் யாரும் வாய் திறப்பதில்லை, பெண்களும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதே இல்லை.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடைப்பொறியில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, உடலில் தேங்கும் நீர். நாடியையும் எண்ணுங்கள். அறுவைக்குப் பிறகு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு பலருக்கு வரும், சிலருக்கு வீட்டுக்கு வந்த பிறகும். ஓய்வில் இருக்கும்போதே 120-ஐத் தாண்டினாலோ, விட்டு விட்டுத் துடித்தாலோ சொல்லுங்கள். சில வாரம் கழித்து லேசான காய்ச்சலோடு, மல்லாந்து படுத்தால் கூடி முன்னால் சாய்ந்தால் குறையும் நெஞ்சுவலி வந்தால், இதய உறை அழற்சியாக இருக்கலாம். மருந்தால் கட்டுப்படும், ஆனால் காட்ட வேண்டும். ஓய்விலேயே மூச்சு முட்டுவது, மயக்கம், நெஞ்சை அழுத்தும் வலி, முகம் கோணுவது, பேச்சு குழறுவது, காயத்திலிருந்து சிவந்த ரத்தம் பீறிடுவது இவற்றுக்குத் தொலைபேசி ஆலோசனை எல்லாம் இல்லை. சுத்தமான துணியால் ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸ்தான்.

தழும்பைப் பற்றிப் பொருக்கு முழுக்க உதிர்ந்த பிறகு யோசித்தால் போதும். நடுநெஞ்சு, தழும்பு தடித்து கெலாய்டு ஆவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம். மருத்துவர் சம்மதித்தால் சிலிக்கான் ஜெல் பட்டையை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதம் ஒட்டலாம். தினம் கழற்றித் தோலையும் பட்டையையும் கழுவி உலர்த்த வேண்டும். முதல் ஒரு வருடம் தழும்பில் வெயில் பட்டால் நிறம் கறுத்து நிலைத்துவிடும். மூடிய சட்டை போதும். திறந்திருக்கும் பகுதிக்கு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள வெயில் தடுப்புக் களிம்பு. தழும்பு அசல் காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தாலோ, அரிப்பு மாதக்கணக்கில் விடாமல் இருந்தாலோ தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போங்கள். தொடக்கத்தில் தழும்புக்குள் போடும் ஊசிக்கு அது நன்றாகக் கட்டுப்படும். மெலிந்தவர்களுக்கு அடியில் உள்ள கம்பியின் முறுக்கு விரலுக்குத் தட்டுப்படலாம். வலியோ சிவப்போ இல்லாதவரை அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாம்.